இடக்கையொன்றே துணையாக

நம் நாட்டில் ஆர்மோனியம் வாசிப்பாரைக் கண்டிராதார் இலர். ஒரு கை துருத்தியை அசைத்துக்கொண்டிருக்க, மற்றொரு கை கட்டைகளின்மீது ஓடிப் பாட்டினைப் பிறப்பிக்கும். ஆகவே, ஐரோப்பாவில் ஒருவர் ஒற்றைக் கையாலேயே பியானோ வாசித்துப் பெரும்புகழ் எய்தினார் என்று கூறினால், "இதில் வியப்பு என்னை? எங்கள் ஊர்ப் பஜனைக்கூடத்தில் நாள்தோறும் அதுதானே நடக்கின்றது!" என்று நம்மவருட் சிலர் நகைத்தல் கூடும். அந்நகைப்பு நீங்குதற்குப் பியானோ என்னும் கருவியின் இயல்பினை முதற்கண் சிறிது அறிதல் வேண்டும்.

பியானோவுக்குத் துருத்தியில்லை. அதன் கட்டைகள் 88. அவை ஏழு ஸ்தாயிகளுக்கு மேலும் சிறிது நீண்டிருப்பன. கட்டையொன்றை அழுத்துந்தோறும் உள்ளேயுள்ள சிறு சுத்தியொன்று எழுந்து கம்பியைத் தாக்கி ஒலியெழுப்பும். நம் இசை ஒரு சுரத்தின்பின் ஒரு சுரமாக ஒற்றை இழையில் நடப்பது. ஐரோப்பியர் இசையோ ஒரே காலத்திற் பல சுரங்கள் கூடியொலிக்க நடப்பது. எனவே பியானோ வாசிப்பவரின் வலக்கை பெரும்பாலும் மேல் ஸ்தாயியில் மெட்டினை நடத்திச் செல்ல, இடக்கை கீழ் ஸ்தாயியில் நின்று அதற்கு நிலமும் சுவரும் ஆகும். இரண்டும் சேர்ந்தாலன்றி இசை நிரம்பாது. ஆர்மோனியக்காரர் ஒரு கையை இழந்தால், துருத்தி இழுக்கப் பிறரொருவரை அமர்த்திக்கொள்ளலாம். பியானோ வாசிப்பவர் வலக்கையை இழத்தல், மிருதங்கக்காரர் வலந்தலையைப் பறிகொடுத்துத் தொப்பி ஒன்றோடு கச்சேரிக்கு அமர்வதனை ஒக்கும். அங்ஙனம் அமர்ந்து, ஏறத்தாழ நாற்பதாண்டுகள் மேடையை விட்டு இறங்காத பால் விட்கன்ஸ்டைன் என்பாரின் வரலாறே ஈண்டுக் கூறப் புகுந்தது.

அவர் 1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிற் பிறந்தார். தந்தையார் கார்ல் விட்கன்ஸ்டைன் எஃகுத் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டியவர். ஐரோப்பாவின் மிகப் பெரிய செல்வர்களுள் ஒருவர். தாயார் இசையிற் கைதேர்ந்தவர். பிராம்ஸ், மாலர் முதலிய இசைப்புலவர்கள் அம்மாளிகைக்கு வந்து போவோர். உடன்பிறந்தாருள் யாவர்க்கும் இளையவராகிய லுட்விக், பின்னாளிற் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் தத்துவப் பேராசிரியராகி உலகப் புகழ் பெற்றார். தம்பியின் பெயரை அறிந்தார் பலர். தமையனை அறிந்தார் சிலரே.

மகன் இசையைத் தொழிலாகக் கொள்ளுதல் தந்தைக்கு உடன்பாடன்று. ஆயினும் பால் அக்காலத்துப் பேராசிரியராகிய தியோடர் லெஷெடிட்ஸ்கியிடம் பயின்றார். 1913-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தந்தை இறந்தார். அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் வியன்னாவின் பெருமன்றத்திற் பாலின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அப்பொழுது வயது இருபத்தாறு. எட்டுத் திங்கள் கழிந்ததும் முதல் உலகப்போர் மூண்டது.

குதிரைப்படையில் இளநிலை அதிகாரியாகச் சென்ற அவர், 1914 ஆகஸ்டு மாதத்தில், அன்று ரஷ்ய ஆட்சிக்குட்பட்டிருந்த போலந்து நாட்டில், ஸாமோஷ்ச் என்னும் நகருக்கு அருகே பகைவர் நிலையை உளவறியச் சென்றார். அங்கே குண்டொன்று வலக்கை முழங்கையைத் துளைத்தது. படைமருத்துவர் கையைத் துணித்தனர். மயக்கம் தெளிந்தபொழுது வலக்கை இல்லை. அம்மருத்துவச்சாலையும் ரஷ்யர் வசமாகியிருந்தது. இங்ஙனம் போர் தொடங்கிய மாதத்திலேயே அவர் கையையும் விடுதலையையும் ஒருங்கே இழந்தார். அதே போரில் வேறொரு முனையிற் பணிபுரிந்துகொண்டிருந்த தம்பி லுட்விக், செய்தி கேட்டதும் தம் நாட்குறிப்பில், தமையனார் தம் தொழிலை இவ்வாறு திடீரென இழந்ததை மீண்டும் மீண்டும் நினைப்பதாகவும், இத்துயரைக் கடத்தற்கு எந்தத் தத்துவம்தான் உதவும் என்றும் எழுதினார். தத்துவத்தையே தொழிலாகக் கொள்ளவிருந்தவர் எழுப்பிய வினா அது. தத்துவத்தால் அதற்கு விடை வந்ததாகத் தெரியவில்லை. விடை ஒரு மரப்பெட்டியின்மேல் வந்தது.

சிறைப்பட்டவர்களை ரஷ்யர் சைபீரியாவுக்கு அனுப்பினர். பால் ஓம்ஸ்க் என்னும் ஊரிற் கிடந்தார். நோயும் குளிரும் மிகுந்த அவ்விடத்தில் அவர் ஒரு வெறும் மரப்பெட்டியைத் தேடியெடுத்து, கரித்துண்டினால் அதன்மேற் பியானோவின் கட்டைகளை வரைந்துகொண்டார். அதன்முன் அமர்ந்து, இடக்கை விரல்களால் ஓசையில்லாத அக்கட்டைகளைத் தட்டித் தட்டிப் பழகலானார். காதுக்கு ஒன்றும் கேளாது. கருத்துக்கு எல்லாம் கேட்கும். நடுநிலை நாடாகிய டென்மார்க்கின் தூதரகத்தார் உதவியால், பின்னர் உண்மையான பியானோவொன்று உள்ள விடுதியில் இருக்க இடங்கிடைத்தது. தாம் முன்னர்ப் பயின்ற பாட்டுக்களையெல்லாம் ஒரு கைக்கு மாற்றியமைக்கும் வேலையை அவர் அங்கே தொடங்கினார்.

அத்தோடு தம் பழைய ஆசான் ஒருவர்க்குத் தாயார் வழியாகச் செய்தி விடுத்தார்: இடக்கைக்கென்றே பியானோவும் பல்லியக்குழுவும் சேர்ந்திசைக்கும் இசையொன்று இயற்றித்தருதல் வேண்டும் என்பது அது. (பல்லியம் என்னும் பழந்தமிழ்ச் சொல்லை ஐரோப்பியரின் பெருங்குழு வாத்தியத்துக்கு ஆளுகின்றேன், தனிக்கருவியொன்று அக்குழுவோடு எதிர்நின்றும் இணைந்தும் இசைப்பதற்குக் 'கன்செர்ட்டோ' என்பது பெயர்.) அவ்வாசான் யோசப் லேபர். அவர் 1842-இற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே வைசூரி கண்டு இரு கண்ணும் இழந்தவர். பார்வையின்றியே ஆர்கன் வாசிப்பிலும் இசை இயற்றுவதிலும் பெயர்பெற்றவர். மாணாக்கனுக்கு நேர்ந்ததைக் கேட்டதுமே, அவனது விண்ணப்பம் வந்து சேருமுன்னரே, அம்முதியவர் இடக்கைக்கான இசையை இயற்றத் தொடங்கியிருந்தார். கண்ணில்லா ஆசிரியர் இயற்ற, கையில்லா மாணாக்கர் வாசிக்கும் இந்நிகழ்ச்சியைப் படிக்கும் தமிழ் மாணவர் எவர்க்கும் நம் இரட்டைப்புலவர் நினைவு வாராதிராது. முடவரைக் குருடர் சுமக்க, வழியை முடவர் காட்ட, ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. ஒருவரது குறையை மற்றொருவரது குறை அறிந்துகொள்ளுதற்கு நெடுநேரம் வேண்டுவதில்லைபோலும்.

இனி, ஒரு கையால் இரு கைகளின் வேலையைச் செய்தல் எவ்வாறு கூடும் என்பதனை ஆராய்வோம். இதுவே இவ்வரலாற்றில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதி.

இரு கைகளுள் ஒன்று போகவேண்டுமென்று விதி வகுத்திருப்பின், பியானோ வாசிப்பவர்க்கு வலக்கை போவதே நன்று என்று கூறினால் நம்புவார் அரியர். ஆயினும் உண்மை அதுவே. மேனாட்டிசையில் மெட்டு பெரும்பாலும் எல்லாச் சுரங்களுக்கும் மேலே ஒலிப்பது. இடக்கையைக் கட்டைகளின்மேல் விரித்து வைத்துப் பாருங்கள். மேல் ஸ்தாயிப் பக்கமாக நிற்பது பெருவிரல். அதுவே விரல்களுள் வலியது, தனித்தியங்க வல்லது. எனவே மெட்டினைப் பெருவிரலும் அதனையடுத்த விரலும் ஏற்று நடத்த, ஏனைய விரல்கள் கீழே துணைச்சுரங்களை ஒலிக்கலாம்; சுண்டுவிரல் அடிச்சுரத்தைத் தாங்கலாம். வலக்கையோ இதற்கு நேர்மாறானது. அதில் மெட்டினை மெலிந்த சுண்டுவிரல் ஏற்கவேண்டிவரும். வலிய பெருவிரல் கீழே அடங்கிக் கிடக்கும். இடக்கைக்கென்றே இயற்றப்பெற்ற இசை நூற்றுக்கணக்கில் இருக்க, வலக்கைக்கென்று இயற்றப்பெற்றவை மிகச் சிலவே யாதற்கு இஃது ஒரு காரணம்.

மற்றொரு துணை பாதம். பியானோவின் கம்பிகளின்மேல், கம்பளி பொதிந்த சிறு அடக்கிகள் அமர்ந்திருக்கும். கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் அடக்கி வந்து படிந்து ஒலியை நிறுத்திவிடும். வலப்புற மிதியைக் காலால் அழுத்தினாலோ, அடக்கிகள் யாவும் மேலெழும்பி நிற்க, தட்டிய கம்பி தானே நெடிதொலிக்கும். எனவே ஒரு கையாளர் கீழ் ஸ்தாயியில் அடிச்சுரத்தைத் தட்டி, அக்கணமே மிதியை அழுத்தி, கண்ணிமைக்கும் நேரத்திற் கையை மேலே பாய்ச்சி மெட்டினைத் தொடர்வர். கீழே ஒலித்தது இன்னும் அடங்கவில்லை. மேலே மெட்டு நடக்கின்றது. இரண்டும் ஒருங்கே கேட்ட செவி, இரு கைகள் வாசிக்கின்றன என்றே கொள்ளும். மிதியைச் சற்று மிகுதியாகத் தாங்கிவிட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து சேறாகும். முன்னரே விட்டுவிட்டால் நிலம் நழுவி மெட்டு அந்தரத்தில் தொங்கும். ஆகவே இவ்வித்தையிற் பாதி கையிலும் பாதி காலிலும் உளது. உயர்ந்த சுரங்களை எட்டும்பொருட்டு, ஒரு கையால் வாசிப்போர் இருக்கையிற் சற்று வலப்பக்கமாக நகர்ந்து அமர்வதும் உண்டு.

இவ்வழி முற்றும் புதியதன்று. அங்கேரி நாட்டுப் பிரபுவாகிய கேஸா சிச்சி என்பவர் இளமையில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் வலக்கையை இழந்து, இடக்கையாலேயே மேடையேறியவர். பிராம்ஸ், வயலினொன்றுக்கென்று பாஹ் இயற்றிய பெருங்கீதமொன்றைப் பியானோவில் இடக்கை மட்டும் வாசிக்குமாறு மாற்றியமைத்தார். வயலின்காரர் நான்கு கம்பிகளுக்குள் எல்லாவற்றையும் அடக்கும் அருமையைப் பியானோ வாசிப்போரும் உணரவேண்டுமென்றால், அவர்தம் கையொன்றைக் கட்டிவிடுவதன்றி வேறு வழியில்லை யன்றோ! கொடோவ்ஸ்கி என்பார் ஷோப்பானின் பயிற்சிப்பாடல்களைத் திருத்தியமைத்த 53-இல், 22 இடக்கைக்கே உரியன. ஓம்ஸ்க் சிறையிற் பால் நினைத்துப் பற்றிக்கொண்டவை இத்தகையனவே. ஆனால் அவையெல்லாம் தனிக்கருவிக்கு அமைந்தவை. எண்பது பேர் அமர்ந்த பல்லியக்குழுவுக்கு எதிரே ஒற்றைக் கையோடு நிற்றல் வேறு.

1915-ஆம் ஆண்டு நவம்பரில், கைதிகளின் மாற்று ஏற்பாட்டினால் அவர் வியன்னா திரும்பினார். 1916 டிசம்பரில், லேபர் இயற்றிய இசையோடு மீண்டும் மேடையேறினார். கையிருந்த காலத்து அரங்கேற்றத்துக்கும் இதற்கும் இடையே மூன்றாண்டே. அதன்பின்னும் அவர் படையில் மீண்டும் சேர்ந்து இத்தாலியப் போர்முனையிற் பணியாற்றினார் என்பது அம்மனிதரின் பிடிவாதத்துக்கு ஒரு சான்று.

அவரிடம் பிற்காலத்திற் பயின்ற மாணவி ஒருவர் கூறியுள்ள செய்தியொன்று வியக்கத்தக்கது. புதிய பாட்டொன்றில் எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று வகுக்கும்போதெல்லாம், துணிந்த வலக்கையின் எஞ்சிய பகுதி அசைந்துகொண்டிருக்குமாம். இல்லாத வலக்கையின் ஒவ்வொரு விரலையும் தாம் இன்னும் உணர்வதால், வலக்கைக்குத் தாம் வகுக்கும் விரல்முறையை நம்பலாம் என்று ஆசிரியர் கூறினாராம். துணிக்கப்பட்ட உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை உணர்தலை மருத்துவ நூலார் நன்கறிவர். பெரும்பாலும் அது நோவாகவே தோன்றும். இவர் அதனைப் பாடஞ்சொல்லும் கருவியாக்கிக் கொண்டார்.

வாசிக்கும் திறம் வந்தது. வாசிக்க இசை வேண்டுமே? இங்கே தந்தையார் ஈட்டிய செல்வம் துணைநின்றது. இதனை மறைத்தல் நேர்மையன்று. அதே போரில் அதே போன்று கையிழந்த ஏழை வாத்தியக்காரர் எத்தனை பேர் இருந்திருப்பர்! அவர்களுள் எவரும் ஐரோப்பாவின் தலைசிறந்த இசைப்புலவர்களை விளித்து, 'எனக்கென்று ஒன்று இயற்றுக. பொருள் தருகின்றேன்' என்று கூறும் நிலையில் இலர். பால் கூறினார். 1922-ஆம் ஆண்டு தொடங்கி ஹிண்டமித், கோர்ன்கோல்ட், பிரான்ஸ் ஷ்மிட் முதலியோர்க்கும், பின்னர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், ரவேல், புரோகோபியெவ் முதலியோர்க்கும் பொருளளித்து இயற்றுவித்தார். குறித்த காலம்வரை அவ்விசையைத் தாமன்றிப் பிறர் வாசித்தல் கூடாதென்பது உடன்படிக்கை. பழங்காலத்துப் புலவர் வள்ளலை நாடிச் சென்றனர். இங்கே வள்ளலும் வாசிப்பவரும் ஒருவரே. அதனால் விளைந்த தொல்லைகளும் பல.

அவருள்ளம் பழைய இசைமரபிலே ஊறியது. புதுநெறியார் எழுதியது அவர்க்கு எளிதிற் பிடிக்கவில்லை. ஹிண்டமித் 1923-இல் எழுதித்தந்ததை அவர் ஒருநாளும் மேடையில் வாசித்திலர். சுரக்குறிப்பைத் தம் அறையிற் போட்டு வைத்துவிட்டார். புரோகோபியெவ் 1931-இல் எழுதித்தந்த கன்செர்ட்டோவைப் பெற்றுக்கொண்டு, நன்றி கூறி, இதில் ஒரு சுரமும் தமக்கு விளங்கவில்லையென்றும் தாம் வாசிக்கப்போவதில்லையென்றும் எழுதிவிட்டார். பொருள் கொடுத்து வாங்கியதைப் பூட்டி வைக்கும் உரிமை ஒருவர்க்கு உண்டா என்னும் வினா இங்கே எழுகின்றது. அது நிற்க.

இவற்றுள் தலையாயது பிரெஞ்சுக்காரராகிய மோரிஸ் ரவேல் இயற்றியது. ரவேல் அப்போரில் பிரான்ஸின் படையில் வண்டியோட்டியாகப் பணிபுரிந்தவர். பாலோ எதிர்ப்படையின் அதிகாரி. பகை நாட்டார் இருவர், போர் அறுத்த ஒரு கையை முன்னிட்டு, பத்தாண்டு கழித்து இவ்வாறு ஒன்றுகூடினர். ஒரு கைக்கு எழுதியது என்று இரங்கிக் கேட்கும்படியாக இசை இருத்தலாகாது; இரு கைகள் வாசிப்பதினும் மெலிந்ததாகத் தோன்றலாகாது என்பதே ரவேலின் நோக்கம். அவ்விசை மிகத் தாழ்ந்த சுரங்களில், பெரிய வயலினங்களும் பருத்த குழற்கருவியும் இருளில் ஊர்வதுபோலத் தொடங்கி, சிறிது சிறிதாக எழுந்து பெருமுழக்கமாகும். அம்முழக்கம் ஓய்ந்தவிடத்திற் பியானோ தனியே, பெருவலியோடு புகும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர் எவரும் ஐந்து விரல்கள் என்று கூறார். 1932-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 5-ஆம் நாள் வியன்னாவிற் பால் அதனை முதன்முதல் வாசித்தார்.

முதலில் அது பாலுக்குப் பிடிக்கவில்லை. பல மாதம் பயின்ற பின்னரே அதன் பெருமை விளங்கிற்று என்று அவரே கூறியுள்ளார். விளங்கிய பின்னும் அவர் சும்மா இருந்திலர். சில அடிகளை மாற்றியும், பல்லியத்துக்குரிய சுரங்களைப் பியானோவுக்குச் சேர்த்தும் வாசித்தார். வியன்னாவில் அவர் மாளிகையில் அதனைக் கேட்ட ரவேல் வெகுண்டார். தாம் முதிர்ந்த பியானோக்காரர் என்றும், எழுதியவாறு ஒலிக்கவில்லையென்றும் பால் கூற, தாம் முதிர்ந்த இசைப்புலவர் என்றும், எழுதியவாறே ஒலிக்கும் என்றும் ரவேல் மறுமொழி கூறினார். பாடபேதங்களோடு மல்லாடும் எம்போன்ற தமிழ் மாணவர்க்கு இவ்வழக்குப் புதியதன்று. ஏட்டைப் பெயர்த்தெழுதுவோர், 'புலவர் இங்ஙனம் எழுதியிரார்' என்று தாமே திருத்திய இடங்கள் எத்தனை! நான் இவ்வழக்கில் ரவேலின் பக்கமே நிற்பேன். ஆனால் பாலின் பக்கத்தும் ஒரு சிறு நியாயம் உண்டு. வாழ்நாளெல்லாம் இரு கைகளுக்கு எழுதப்பட்டவற்றைத் தம் ஒரு கைக்கு ஏற்ப மாற்றி மாற்றியே பிழைத்தவர், மாற்றத் தேவையில்லாத ஒன்று தம்முன் வந்தபொழுதும் பழக்கத்தை விடமாட்டாராயினார்.

1933-இற் பாரிஸ் நகரில் ரவேலே பல்லியத்தை நடத்த, பால் வாசித்தார். அக்காலத்தை ஒட்டியே ரவேலை மூளைநோய் ஒன்று பற்றிக்கொண்டது. இசை உள்ளத்தில் ஒலித்தும் அதனைத் தாளில் எழுத அவர் கைக்கு இயலவில்லை. கையிழந்தவர்க்கு எழுதிய பேரிசைக்குப் பின் அவர் அதிகம் எழுதாமலே 1937 டிசம்பரில் இறந்தார். அவ்வாண்டில் ழாக் பெவ்ரியே என்னும் பிரெஞ்சுக்காரர் அக்கன்செர்ட்டோவை அவர் எழுதியவாறே வாசித்திருந்தார்.

1938-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைக்கொண்டார். விட்கன்ஸ்டைன் குடும்பத்தார் கிறிஸ்தவராயினும், பாட்டன்மார் பாட்டிமாருள் மூவர் யூத வழியிற் பிறந்தோர். ஆதலின் புதிய சட்டம் அவர்களை யூதர் என்றே கொண்டது. நாட்டுக்காகக் கை கொடுத்தவர்க்கு அந்நாட்டு மேடைகள் அடைபட்டன. ஆசிரியப் பணியும் போயிற்று. அவர் அமெரிக்கா சென்றார். அவரிடம் பயின்றவரும், கண்பார்வை மிகக் குறைந்தவருமாகிய ஹில்டே என்னும் மாதரே அவர் மனைவியார். குழந்தைகளோடு அவரும் பின்தொடர்ந்தார். ஐம்பது வயதைக் கடந்தபின் நியூயார்க்கில் வாழ்க்கையை மீளத் தொடங்கினார். 1940-இல் ஆங்கிலேய இளைஞராகிய பெஞ்சமின் பிரிட்டனைக்கொண்டு ஒன்று இயற்றுவித்து, 1942-இற் பிலடெல்பியாவில் வாசித்தார். அங்கும் பல்லியத்தின் முழக்கம் பியானோவை மூழ்கடிக்கின்றது என்று வழக்காடினார் என்பர். 1957-இல், இடக்கை வாசிப்புக்கெனத் தாம் தொகுத்த பயிற்சிகளையும் மாற்றியமைத்த பாடல்களையும் மூன்று பகுதிகளாக அச்சிட்டார். 1961-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் நாள் இறந்தார்.

அவ்வரலாறு அவரோடு முடியவில்லை. இரண்டாம் உலகப்போரில் வலக்கை இழந்த ஜெர்மானியப் பியானோக்காரர் ஜீக்பிரீட் ராப் என்பவர், பால் இயற்றுவித்தவற்றைத் தாமும் வாசிக்க விரும்பி இசைவு கேட்டு எழுதினார். 1950-இற் பால் அனுப்பிய விடை கடுமையானது. வேறொருவர் குடியிருப்பதற்காக ஒருவர் வீடு கட்டுவதில்லை. எண்ணமும் தம்முடையது, பொருளும் தம்முடையது என்பது அதன் கருத்து. கையிழந்த ஒருவர் கையிழந்த மற்றொருவர்க்கு எழுதிய விடை இஃது என்பதை நினைக்குந்தோறும் மனம் நோகின்றது. லேபர் இவ்வாறு கருதியிருந்தால் பாலின் நிலை என்னாகியிருக்கும்? ஆயினும் அவர்மேற் குற்றஞ்சாட்டி அமைதல் எளிது. ஒரு கையால் வாசித்துப் பிழைப்போர்க்கு உலகில் இருந்த இசையே ஒரு சிறு கைப்பிடியளவு. அதனையும் பங்கிட்டுக் கொடுத்தால் தமக்கென்று எஞ்சுவது யாது என்ற அச்சமும் அவ்விடையில் இருந்திருத்தல் கூடும். இரு கையுடையார் இதனை உள்ளவாறு அறிதல் அரிது. ராப் அவர் விடையோடு நின்றிலர். பால் வாசிக்க மறுத்த புரோகோபியெவின் கன்செர்ட்டோவைத் தேடிப் பெற்று, 1956-இற் பெர்லின் நகரில் முதன்முதல் வாசித்தார். இயற்றியவர் இறந்து மூன்றாண்டுகள் கழிந்திருந்தன.

ஹிண்டமித்தின் இசை இன்னும் நெடுங்காலம் உறங்கிற்று. பாலின் மனைவியார் 2001-இல் மறைந்தபின்னரே, அவர்தம் உடைமைகளிடையே அது மீண்டும் வெளிப்பட்டது. அதனை வாசிக்க வந்தவர் அமெரிக்கராகிய லியோன் பிளைஷர். அவர் லெஷெடிட்ஸ்கியின் மாணாக்கராகிய ஷ்னாபெலிடம் பயின்றவர். அவ்வகையிற் பாலுக்கு ஒருசாலை மாணாக்கர் வழியினர். 1952-இற் பிரஸ்ஸல்ஸ் நகரப் பெரும்போட்டியில் வென்று புகழ் ஓங்கிய காலத்தில், 1964-ஐ ஒட்டி, அவர் வலக்கையின் கடைசி இரு விரல்களும் தாமே உள்நோக்கிச் சுருளலாயின. தசையிற் குறையில்லை, விரலுக்கு ஆணையிடும் மூளையின் பகுதி நெறி தவறியதால் விளையும் நோய் அது. காயமின்றி, குருதியின்றி, கை இருந்தும் இல்லையாயிற்று. பால் பொருள் கொடுத்துப் பெற்று, பிறர் புகாதவாறு காத்த வீட்டிலேதான் பிளைஷர் குடிபுகுந்தார். ரவேலின் கன்செர்ட்டோவை அவர் வாசித்த முறை எண்ணிறந்தது. பல்லியம் நடத்துதலையும் மேற்கொண்டார். மாணாக்கர்க்குக் கையால் வாசித்துக் காட்ட இயலாமையால், சொல்லாலேயே இசையை விளக்கும் திறம் பெற்றார்.

மூன்று பத்தாண்டுகளுக்குப் பின்னர், நச்சுப்பொருளொன்றை மிகச் சிறிதளவாகத் தசையிற் செலுத்தும் சிகிச்சையால் வலக்கை விரல்கள் ஓரளவு நிமிர்ந்தன. 2004-இல் அவர் இரு கைகளாலும் வாசித்த இசைத்தட்டு வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே பெர்லின் நகரில், சைமன் ரேட்டில் பல்லியத்தை நடத்த, எழுதப்பெற்று எண்பதாண்டு கடந்த ஹிண்டமித்தின் இசையை உலகம் முதன்முதற் கேட்டது. எழுபத்தாறு வயதான பிளைஷர் அதனை இடக்கையொன்றாலேயே வாசித்தார்.